பெயர் சூட்டுவோர் எவர்? சுமப்போர் எவர்?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையை விட்டுச் சற்றே விலகினால், கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு சிற்றூர். அந்தச் சிற்றூரின் கிழக்கே, ஊரோடு சேர்ந்தும் சேராமலும் ஒரு தெரு. தெருமுனையில் ஒரு படிப்பகம். ஓட்டுக் கூரை, இரண்டு விசுப்பலகை, மூன்று நாளேடுகள். மாலை வேளையில் அங்கே இருபது இளைஞர்கள் கூடியிருந்தனர். பேச வரவேண்டும் என்று என்னை அழைத்திருந்தார்கள். வந்த என்னைப் பேச விடவில்லை! தாமே பேசிக்கொண்டிருந்தார்கள், அனல் பறக்க. பொருள் என்ன? தங்கள் தெருவுக்குப் புதுப்பெயர் என்ன வைப்பது என்பது.

"விலைவாசி ஏறிக் கிடக்கிறது, வேலை கிடைக்கவில்லை, கண்மாயிலே தண்ணீர் இல்லை, இந்த நேரத்தில் பெயர் ஒரு கேடா?" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றிற்று, மறைப்பானேன்! அரைமணி நேரம் செவிமடுத்த பிறகு, அந்தக் கேள்வியைக் கேட்காதிருந்ததே என் நல்ல காலம் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தத் தெருவுக்கு இதுநாள்வரை பெயர் 'காலனி'. அவ்வளவுதான். மேற்கே இருப்பது ஊர், கிழக்கே இருப்பது காலனி. குடும்ப அட்டையிலே அது இருக்கிறது, பள்ளிச் சான்றிதழிலே இருக்கிறது, தபால்காரர் நாவிலே இருக்கிறது. 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில், அந்நாள் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் ஆகிவிட்ட 'காலனி' எனும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவோம் என்று அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில், சாதிப்பெயர் தாங்கிய தெருக்கள், சாலைகள், நீர்நிலைகள் ஆகியவற்றின் பெயர்களை மாற்றும் ஆணையும் பிறந்தது; அது வழக்குமன்றமும் ஏறிற்று. பழைய பெயர் போகட்டும், நல்லது, புதுப்பெயர் எது? அங்கேதான் அனல்.

சென்னையிலே கணினி நிறுவனத்தில் பணியாற்றும் ஓர் இளைஞர், விடுமுறைக்கு வந்தவர், எழுந்தார். "நாகரிகமாக ஒரு பெயர் வைப்போம். 'கிரீன் பார்க்' என்போம், 'அவென்யூ' என்போம். கேட்டவுடன் எவனும் முகத்தைச் சுளிக்கக்கூடாது. சென்னையிலே எந்த ஊர் என்று கேட்டால், மதுரைப் பக்கம் என்கிறேன். அருப்புக்கோட்டை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும், எந்தக் கிராமம் என்று. கிராமத்தைச் சொன்னால் அதற்கடுத்த கேள்வி வரும், எந்தத் தெரு என்று. மூன்றாவது கேள்வி எதற்காக என்று உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியும். தமிழகத்திலே மூன்றாவது கேள்வியின் பொருள் தெரியாதவர் எவர்?

இன்னொருவர் மறுத்தார். "முகமூடி போட்டுக்கொள்ளச் சொல்கிறாய். பகுத்தறிவு பேசும் நாம் பொய்ப் பெயருக்குள்ளே போய் ஒளிவதா?" என்றார். தலைவர் பெயர் வைக்கலாம் என்றார் ஒருவர். பூவின் பெயர் வைக்கலாம், மல்லிக்குப் பெயர்போன வட்டாரம் அன்றோ நமது வட்டாரம், 'மல்லிகைத் தெரு' என்போம் என்றார் வேறொருவர். "மல்லிகை பறிக்கப் போறது நம்ம வீட்டுப் பொம்பளைக, வாசம் மட்டும் ஊருக்குள்ள" என்று ஒரு குரல், சிரிப்பு.

தோழர்களே! இந்த விவாதத்தின் உள்ளே ஓர் அறக் கேள்வி பதுங்கி இருக்கிறது. இழிவு ஏற்றப்பட்ட ஓர் இடத்துக்கு எழிலான பெயர் சூட்டுவது நீதியா, நடிப்பா? அதை ஆராயவே இந்தக் கட்டுரை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கும் மேதாவிகளை முதலில் அனுப்பி வைத்துவிடுவோம். அவர்கள் ஆங்கில நாடகப் புலவனைத் துணைக்கு அழைப்பார்கள். அவன் நாட்டுக்குப் போகவேண்டாம், நமது கரிசல் சீமையிலே பதில் இருக்கிறது. 1956 ஜூலை 27. விருதுநகரிலே முதியவர் ஒருவர் உண்ணா நோன்பு தொடங்கினார். பெயர் சங்கரலிங்கனார். காங்கிரசில் வளர்ந்தவர், கதர் அணிந்தவர், காந்தியாரின் தொண்டர். பன்னிரண்டு கோரிக்கைகள் வைத்தார். அவற்றுள் நாடறிந்து நின்றது, சென்னை ராஜ்யத்துக்குத் 'தமிழ்நாடு' எனும் பெயர் வேண்டும் என்பது. ஆட்சியிலே அமர்ந்திருந்தது அவரது கட்சியே; முதலமைச்சரோ அதே விருதுநகர் பெற்றெடுத்த காமராசர். நாட்கள் வாரங்களாயின, வாரங்கள் மாதங்களாயின. அக்டோபர் 13 அன்று, மதுரை மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. பெயரில் ஒன்றுமில்லை என்றால், அந்த முதியவர் எதற்காகச் செத்தார்?

1963 இல் பூபேஷ் குப்தா, பெயர் மாற்றம் கோரும் மசோதாவை மாநிலங்களவையில் கொணர்ந்தபோது அண்ணா ஆதரித்துப் பேசினார். பெயரை மாற்றுவதால் என்ன பயன் என்று கேட்டோரிடம், பார்லிமெண்டை லோக் சபா ஆக்கினீர்களே, பிரசிடெண்டை ராஷ்டிரபதி ஆக்கினீர்களே, அதிலே கண்ட பயன் என்ன என்று திருப்பிக் கேட்டார். 1967 ஜூலை 18 இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிற்று. 1969 ஜனவரி 14 இல் பெயர் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, பெயர் வெறும் ஒலி என்று நாம் சொல்வதற்கில்லை. பெயர், தன்னைத் தானே யாரென்று சொல்லிக்கொள்ளும் உரிமை.

அப்படியானால் கணினி இளைஞர் சொன்னதே சரி, 'கிரீன் பார்க்' என்று பலகை எழுதிவிடலாமே என்றால், அங்கேதான் தயக்கம்.

சொல்லிலே இழிவு இருக்கிறதா, சொல்லின் மீது ஏற்றப்பட்டிருக்கிறதா? 'சேரி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். சேர்ந்து வாழும் இடம் சேரி, பொருள் அவ்வளவே. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் கம்மாளர் வாழ்ந்த இடம் கம்மாணச்சேரி. அதே கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லிலே வெட்டிய தீண்டாமை! பின்னாளில் மற்றச் சேரிகள் தெருவாயின, வீதியாயின. தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டோர் வாழும் சேரி மட்டுமே சேரியாக நின்றது. சொல் கெட்டது. அரசு வீடு கட்டிக் கொடுத்தபோது 'சேரி' வேண்டாம் என்று 'காலனி' என்றனர். புதுச்சொல், நாகரிகச் சொல், ஆங்கிலச் சொல். ஐம்பது ஆண்டு ஆகவில்லை. அதுவும் வசைச்சொல் ஆயிற்று.

ஆனால் விந்தையைக் காணீர்! சென்னை மயிலாப்பூரை அடுத்த சி.ஐ.டி. காலனி என்று சொல்ல எவரும் நாணுவதில்லை. ரயில்வே காலனி, வங்கி ஊழியர் காலனி என்றால் மரியாதை. வேளச்சேரியில் மனை வாங்கும் கனவான், பெயரின் வாலிலே 'சேரி' இருக்கிறதே என்று விலையைக் குறைத்துக் கேட்பதுண்டோ? குறைத்துக் கொடுப்பார்தான் உண்டோ? ஒரே சொல் அங்கே மணக்கிறது, இங்கே சுடுகிறது. சுடுவது சொல் அல்ல. சொல்லுக்குப் பின்னே மூட்டி வைத்திருக்கும் நெருப்பு. நெருப்பை அணைக்காமல் சொல்லை மட்டும் மாற்றினால், புதுச்சொல்லுக்கும் சூடு ஏற எவ்வளவு நேரம் ஆகும்?

இதற்குச் சான்று தேடி நான் தலைநகருக்குப் போகிறேன், ஏனெனில் நமது சீமையின் பிள்ளைகள் பிழைக்கப் போகும் இடமும் அதுவே. சென்னைக்குத் தெற்கே, பழைய மாமல்லபுரம் சாலையிலே, துரைப்பாக்கத்தை அடுத்து, கண்ணகி நகர். ஆற்றோரங்களிலும் குடிசைப் பகுதிகளிலும் வாழ்ந்த மக்களைப் பெயர்த்தெடுத்து, 2000 ஆம் ஆண்டு முதல் அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தினர். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்கு வீடுகள். அன்றாடப் பிழைப்பு ஓரிடத்தில், வீடு ஓரிடத்தில். 'நகர்' என்று பெயர். கண்ணகி என்று அடைமொழி. அரசன் அவையில் ஏறி நீதி கேட்டவளின் பெயரை, கேட்காமலே பெயர்க்கப்பட்ட மக்களுக்குச் சூட்டினார்கள்! சூட்டியவர் நகைச்சுவையாக எண்ணிச் சூட்டியிருக்க மாட்டார். விளைவு? கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் வேலை மறுக்கிறார்கள், வாடகை வண்டி வர மறுக்கிறது என்று அங்குள்ளோர் செய்தியாளர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்தார்கள். குற்றம் நிகழும் இடம் என்று திரைப்படமும் செய்தியும் சேர்ந்து முத்திரை குத்தின.

2020 இல் வண்ணக்காரர்கள் வந்தனர். கலை அறக்கட்டளை ஒன்றும் மாநகராட்சியும் இணைந்து, அடுக்கு வீடுகளின் நெடுஞ்சுவர்களில் மாபெரும் ஓவியங்கள் தீட்டச் செய்தன. குழந்தைகளின் முகங்கள், பெண்களின் முகங்கள். அழகு, மறுக்கவில்லை. அத்துடன் புதிய பட்டப்பெயர் ஒன்றும் பிறந்தது: 'கண்ணகி ஆர்ட் டிஸ்ட்ரிக்ட்', அதாவது கலை வட்டாரம். மேனாட்டு நகரங்களிலே வழங்கும் பாணி. ஏடுகள் பாராட்டின, படம் பிடிக்க வந்தனர் பலர்.

வண்ணம் தீட்டியது குற்றம் என்று சொல்லும் முரட்டு உள்ளம் எனக்கில்லை. தன் வீட்டுச் சுவரைப் பார்க்க வேற்றூரார் வருகிறார்கள் என்பதிலே ஒரு குழந்தைக்குப் பெருமிதம் பிறக்குமானால், அது ஏளனத்துக்குரியதன்று. எனினும், அந்தப் பட்டப்பெயரைத் தன் முகவரியாக எழுதிய கண்ணகி நகர்வாசி எவரையும் நான் காணவில்லை. அது பார்க்க வருவோர் வைத்த பெயர். பார்த்துவிட்டுப் போவோருக்கான பெயர். குழாயிலே தண்ணீர் வரும் நேரத்தையோ, பிள்ளைகள் வேலை தேடிப் போகும் இடத்தில் கிடைக்கும் பதிலையோ, அந்தப் பெயர் மாற்றவேண்டும் என்று எவரும் அதனிடம் கேட்கவும் இல்லை.

பின்னர் 2025 அக்டோபர். பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி. தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியிலே துணைத் தலைவி, கண்ணகி நகர் கார்த்திகா. ஆமாம், நாடு அவளை அழைத்த பெயரே அதுதான்: கண்ணகி நகர் கார்த்திகா! துரைப்பாக்கம் கார்த்திகா அல்ல, சென்னை கார்த்திகா அல்ல. எந்தப் பெயரைச் சொன்னால் வேலை கிடைக்காதோ அந்தப் பெயர் அவளது பெயருக்கு முன்னே வந்து நின்றது. ஓவியர் ஏணி வைத்து ஏறியும் எட்டாத இடத்துக்கு அந்தப் பெயர் ஏறிற்று.

இதைக்கொண்டு, "பார்த்தீர்களா, பழைய பெயரே போதும், எல்லோரும் தங்கம் வெல்லட்டும், இழிவு தானே அழியும்" என்று எவரேனும் முடிவுகட்டினால், அவரோடு எனக்குச் சண்டை. ஆயிரத்தில் ஒருத்தி தங்கம் வென்றுதான் தெருவின் பெயரை மீட்கவேண்டுமா? மற்ற ஆயிரம் பேரும் அதுவரை முகவரியை மறைத்துக்கொண்டு நிற்பதா? அக்கிரகாரத்தில் பிறந்த எவரையும் முதலில் தங்கம் வென்று வா, பிறகு உன் தெருப்பெயரை மதிக்கிறேன் என்று எவரும் சொன்னதில்லை.

கடல் கடந்தும் இதே வழக்கு நடந்திருக்கிறது. நியூயார்க் நகரில் ஹார்லம் என்றொரு பகுதி. கறுப்பின மக்களின் கலைக்கும் இசைக்கும் எழுத்துக்கும் 1920களில் தலைநகராகத் திகழ்ந்த இடம். அதன் தென்பகுதிக்கு வீட்டுத் தரகர்கள் 'சோஹா' என்று ஒரு புதுமைப் பெயர் சூட்டினார்கள். ஹார்லம் என்றால் வாங்க வருவோர் தயங்குவராம். சோஹா என்றால் துள்ளி வருவராம்! 2017 இல் அங்குள்ளோர் கொதித்து எழுந்தனர். எங்களைக் கேளாமல் எங்கள் பெயரைத் துடைக்க நீ யார் என்று கேட்டனர். அங்கே வந்த இனிய பெயர் இருந்தவரை உயர்த்த வரவில்லை. வாடகையை உயர்த்தி இருந்தவரை வெளியேற்றவே வந்தது என்பது அவர்கள் அச்சம்.

ஆகவே, பெயர் இனிதா, கசப்பா என்பதல்ல முதற்கேள்வி. சூட்டுபவர் எவர், சுமப்பவர் எவர் என்பதே முதற்கேள்வி. நமது வரலாற்றிலே இதற்கு இரட்டைச் சான்று உண்டு. 1922 இல் எம்.சி.ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தின் வழியே, பஞ்சமர் என்றும் பிறவாறும் அழைக்கப்பட்டோர் அரசு ஏடுகளில் ஆதிதிராவிடர் ஆயினர். கேட்டவர்கள் சுமந்தவர்கள். பத்தாண்டு சென்றபின் காந்தியார் 'ஹரிஜன்' என்று பெயர் சூட்டினார். ஆண்டவனின் மக்கள்! இதைவிட இனிய சொல் எங்கே கிடைக்கும்? ஆயினும் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. 1938 இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அச்சொல்லை மசோதாவில் புகுத்தியபோது, தம் கட்சியினரோடு வெளிநடப்புச் செய்தார். சர்க்கரை பூசிய சொல்லாயினும், பிறன் கையால் ஊட்டப்படுவது பிச்சை என்று அவர் கண்டார். இன்று அந்தச் சொல்லை ஏடுகளும் அரசும் கைவிட்டுவிட்டன.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நமது வறண்ட சீமைக்கே திரும்புவோம். எத்தனை பட்டப்பெயர்கள் நமக்கு! 'தண்ணியில்லாக் காடு' என்பது முதற்பட்டம். பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலே நாம் இருந்த காலத்தில், சென்னையிலிருந்த பெரிய அதிகாரிகள் சிறிய அதிகாரிகளை மிரட்டுவதற்கு வைத்திருந்த சொல். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்!" மிரட்டப்பட்டவர் நடுங்கினார், அந்தக் காட்டிலேயே பிறந்து, உழுது, நெய்து, செத்துக்கொண்டிருந்தவர்களை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒருவருக்குத் தண்டனையாகக் கொடுக்கப்படும் ஊர், மற்றொருவருக்குத் தாயகம். நமது முன்னோர் தம் ஊர்களுக்கு வைத்த பெயர்களையோ பாருங்கள்: ஏந்தல் என்று முடியும் ஊர், குளம் என்று முடியும் ஊர், ஊருணி என்று முடியும் இடம். பெய்யும் சில நாள் மழையை எங்கே ஏந்தினார்கள் என்று பெயரிலேயே எழுதி வைத்தவர்கள் அவர்கள். உள்ளே இருந்தவன் நீரின் பெயரால் அழைத்தான். வெளியே இருந்தவன் நீரில்லை என்று அழைத்தான்.

பக்கத்துச் சிவகாசிக்குக் 'குட்டி ஜப்பான்'. நேரு சூட்டியது என்பர். சூட்டிய வாய் இனிய வாய்தான். ஆனால் தீப்பெட்டி ஆலையிலே குச்சி அடுக்கிய பிஞ்சு விரல்கள் அந்தப் பெயருக்குள்ளே மறைந்தன. அவற்றை வெளியே எடுத்துக் காட்ட ஒரு வழக்கு வேண்டியிருந்தது. உச்சநீதிமன்றத் தீர்ப்பு 1996 இல் வந்தது.

2018 இல் தில்லி நமக்கு மற்றொரு பெயர் தந்தது. 'பின்தங்கிய மாவட்டம்' என்பது பழைய பெயர். அது மனத்தை வருத்தும் என்று எண்ணி, 'முன்னேற விழையும் மாவட்டம்' என்றார்கள். நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட மாவட்டங்கள். தமிழகத்திலே இரண்டு, இராமநாதபுரமும் விருதுநகரும். இதை நான் முழுதும் பழிக்கமாட்டேன். பெயரோடு அளவுகோலும் வந்தது. மருத்துவம், கல்வி, நீர், வேளாண்மை என்று கணக்கெடுப்பு வந்தது. பெயருக்குப் பின்னே ஒரு கடமை இருந்தால், கேட்டு வாங்கலாம். ஆனாலும் ஒரு சந்தேகம் உறுத்துகிறது: முன்னேற விழையாத மாவட்டம் எது? சென்னை விழையவில்லையா? 'பின்தங்கியது' என்றால், பின்னே தள்ளியவர் எவர் என்று அடுத்த கேள்வி பிறக்கும். 'விழைகிறது' என்றாலோ, விழைந்துகொண்டே இரு என்று விட்டுவிடலாம்.

எல்லாவற்றையும் விஞ்சியவர் மனை வணிகர். மதுரை தூத்துக்குடி நாற்கரச் சாலையிலே வண்டியில் வருவோர் காணலாம். சீமைக் கருவேல முட்காடு. நேற்றுவரை அங்கே கரிமூட்டம் புகைந்தது. இன்று நான்கு கல் நட்டு, ஒரு வளைவு கட்டி, 'சிட்டி' என்றும் 'கார்டன்' என்றும் பலகை. பலகையிலே பசும்புல், நீரூற்று, தொப்பி அணிந்த வெள்ளைக்காரக் குடும்பம்! பலகையின் நிழலிலே படுத்திருக்கும் ஆடு, அந்தப் புல்லை நிமிர்ந்து பார்த்து ஏமாந்து போகிறது. கணினி இளைஞர் 'கிரீன் பார்க்' என்று சொன்னதும் எனக்கு அந்த ஆட்டின் முகம் நினைவுக்கு வந்தது. அவரிடம் சொல்லவில்லை, அவர் பட்ட புண் வேறு, வணிகர் காணும் இலாபம் வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அநீதி.

இவ்வளவையும் நான் படிப்பகத்தில் சுருக்கிச் சொன்னபோது, மூலையில் இருந்த தோழர் ஒருவர் மடக்கினார். நல்ல மடக்கு. "சுமப்பவனே சூட்டட்டும் என்கிறீர்கள். தம் தெருவுக்குச் சாதிப்பெயர் வைத்திருப்பவர்கள், நாங்கள்தான் சுமக்கிறோம், எங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பார்கள். 1997 இல் என்ன நடந்தது? இதே விருதுநகர் மாவட்டத்திலே புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார் கலைஞர். அந்தப் பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள். அதுவும் அவர்கள் உரிமையா?" என்றார்.

அந்த ஆண்டை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. சுந்தரலிங்கம், கட்டபொம்மனின் படைத்தளபதி; வெள்ளையனை எதிர்த்து மாண்ட வீரன். ஆனால் பிறந்த குலம் பார்த்தார்கள். கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. முடிவிலே அரசு, போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் அனைவரின் பெயரையும் எடுத்துவிட்டது. 1985 இல் பிறந்த நமது காமராசர் மாவட்டம், விருதுநகர் மாவட்டம் ஆனது அப்போதுதான். பெரியார் மாவட்டம் ஈரோடு ஆயிற்று. ஒருவன் பெயரைப் பொறுக்காதவர்களுக்காக எல்லோர் பெயரையும் இழந்தோம். இரத்தம் ஓடுவதை நிறுத்த வேறு வழி இல்லாதிருந்திருக்கலாம்; ஆயினும் அது தோல்வியே என்பது என் கருத்து. சமத்துவத்தை எட்ட முடியாமல், வெற்றிடத்தை எட்டினோம்.

தோழரின் மடக்குக்கு என் விடை இது. சுமை என்றால் என்ன? பேருந்தின் நெற்றியிலே எழுதிய வீரனின் பெயர், ஏறுகிறவன் தலையில் எந்தப் பாரத்தையும் வைக்கவில்லை. அவன் மறுத்தது பெயரை அல்ல, அந்தப் பெயர் பெற்ற மரியாதையை. சாதித் தெருவின் பலகையோ, அந்தத் தெருவில் வாழ்பவனுக்கு மலர்மாலை. அதே தெரு வழியே நடக்கும் மற்றவனுக்கு, இது உன் இடமல்ல என்னும் எச்சரிக்கை. பாரம் நடப்பவன் தலையிலே! ஆகவே சுமப்பவனைத் தேடும்போது, பெயரை ஆசையாகத் தடவிக் கொடுப்பவனைப் பார்க்காதே; அந்தப் பெயரைக் கேட்டதும் குனியும் தலை எது என்று பார். 1970களின் இறுதியில் சென்னையிலே சாதிவால்களை வெட்டியபோது, ஜி.என். செட்டி சாலை ஜி.என். சாலை ஆயிற்று, யார் அந்த ஜி.என். என்று இளைஞர் விழித்தனர். அது போகட்டும், சிரித்துவிட்டுப் போகலாம். பிட்டி தியாகராயரின் பெயரால் அமைந்த நகரை 'டி.நகர்' என்று நாமே சுருக்கி, நீதிக்கட்சித் தலைவரை ஓர் ஆங்கில எழுத்துக்குள்ளே அடக்கம் செய்தோமே, அதற்கு எந்த ஆணை காரணம்?

பெயரோடு சுவரும் கூரையும் எழுந்த இடம் ஒன்றுண்டு. 1997 இன் புண் ஆறாதபோதே, பெரியார் நினைவு சமத்துவபுரம் என்று திட்டமிட்டு, 1998 இல் திருமங்கலத்தை அடுத்த மேலக்கோட்டையில் முதலாவதைத் திறந்தார்கள். நூறு வீடுகள்: ஆதிதிராவிடருக்கு 40, பிற்பட்டோருக்கு 25, மிகப் பிற்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10. அடுத்தடுத்த கதவு, ஒரே சமுதாயக் கூடம், ஒரே சுடுகாடு என்பது கொள்கை. எல்லாச் சமத்துவபுரங்களிலும் சமத்துவம் குடியேறிவிட்டது என்று நான் கூறவில்லை. ஆனால் அங்கே பெயரைப் படித்தவன் கதவைக் காட்டிக் கேட்கலாம்: எழுதியபடி இருக்கிறதா என்று. 'கிரீன் பார்க்' என்று எழுதினால் எவரிடம் போய்க் கேட்பது? புல் எங்கே என்று கேட்டால் ஆடுகூடப் பதில் சொல்லாது.

"அப்படியானால் பழைய பெயரே இருக்கட்டுமா?" என்றார் கணினி இளைஞர். குரலிலே கோபம் இல்லை, களைப்பு இருந்தது. இல்லை என்றேன். 'காலனி' போகவேண்டும், அது நீங்கள் சூட்டியதல்ல. ஆனால் அடுத்ததையும் வேறொருவர் ஏட்டிலிருந்து கடன் வாங்கவேண்டாம். விடுமுறைக்கு வருபவர் மட்டும் முடிவு செய்யவும் வேண்டாம். என்னைப் போல் மேடைக்கு வருபவர் முடிவு செய்யவே வேண்டாம். இந்தத் தெருவின் பெயரை நாள்தோறும் வாயால் சொல்லி வாழ்பவர்கள் எவரோ அவர்களைக் கேளுங்கள். இருபது பேர் இருக்கிறீர்கள். இங்கே ஒரு பெண்கூட இல்லையே?

இளைஞர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். ஒருவர் எழுந்து போய், பக்கத்து வீட்டுத் திண்ணையிலே வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த மூதாட்டியை அழைத்தார். "அப்பத்தா, நம்ம தெருவுக்கு என்ன பேரு வைக்கலாம்?"

அவர் உரலை நிறுத்தவில்லை. "நான் வாக்கப்பட்டு வந்தப்ப இந்தத் தெருவுக்குப் பேரே கெடையாதுப்பா. அந்தா அந்த ஊருணி இருக்குல்ல, அதை எங்க மாமனாரும் அவுக சோட்டாளுகளும் தோண்டுனது. ஊர்க் கெணத்துல எங்களை அள்ளவிடல. பதினாறு நாளாத் தோண்டுனாகளாம். ஊருணிக்காரவுக வீடுன்னுதான் அப்பப் பேசிக்கிருவாக. பெறகு சர்க்காரு வீடு கட்டுச்சு, காலனின்னு ஆயிப்போச்சு" என்றார்.

படிப்பகத்தில் பேச்சு நின்றது. 'ஊருணித் தெரு' என்று ஒருவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். கணினி இளைஞரும் சொல்லிப் பார்த்தார், இரண்டு முறை. பிறகு கைப்பேசியை எடுத்து, ஆங்கில எழுத்திலே எப்படி வரும் என்று எழுதிப் பார்த்தார். தபால்காரர் சிரிப்பாரா என்றார் ஒருவர். ஊருணியே தூர்ந்து கிடக்கிறது, முதலில் அதைத் தூர்வாராமல் பெயரை மட்டும் வைப்பதா என்றார் இன்னொருவர். வீடு வீடாகப் பெண்களைக் கேட்பது, ஒரு தாளில் எழுதி வாங்குவது, கிராம சபையிலே வைப்பது என்று பேச்சு ஓடத் தொடங்கிற்று. தூர்வாருவதற்கும் சேர்த்து மனு எழுதவேண்டும் என்று தாள் தேடினார்கள்.

மனுவின் முதல் வரிக்குள் தண்ணீர் லாரியின் ஒலி கேட்டது. இருபது பேரும் குடம் எடுக்க ஓடினார்கள். கணினி இளைஞர் அப்பத்தாவின் குடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஓடினார்.